கடிக்கும் முயல்: எங்கே, எப்போது கடிக்கிறது என்பதிலிருந்து காரணத்தைத் தேடுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானின் (குடியிருப்பின்) கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டம் தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அடுத்த வரிசைச் சிறுவன் ஓர் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு அழுதபடி வந்து நின்றான். பெட்டிக்குள் சாம்பல் நிறப் பெண் முயல், மூன்று வயது. ஒரு வாரமாகத் தொட்டாலே கடிக்கிறது. அன்று காலை அவன் தங்கையின் விரலில் இரத்தம் வந்துவிட்டது. இனி இது வீட்டில் வேண்டாம், தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம். "டீச்சர், இது கெட்ட முயல் இல்லை" என்று மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் சொன்னது சரிதான். அந்த முயலுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால், அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். தோட்டப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே முயல் வளர்க்கிறேன். கடிக்கும் முயல்களை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு காரணங்களைத்தான் பார்க்கிறேன். வீட்டில் வளர்ந்த முயலைச் செம்பனைக்குள் விட்டால் அது பிழைக்காது. மலைப்பாம்பு, முசாங் (மரநாய்), தெருநாய் என்று எதுவும் அதை விட்டுவைக்காது. போதாததற்குக் களைக்கொல்லி அடித்த புல்லும் இருக்கிறது. ஆகவே அந்த முடிவுக்குப் போகும் முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் முயலின் நடத்தை எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே தொடங்கினால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் மருத்துவரிடம் போகவேண்டியது கடைசியிலும் வரும்.

தொடங்கும் முன்

கடிபட்ட கையை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். முயலின் பல் உளிபோல் ஆழமாக இறங்கும். வெளியே சிறிதாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிக்கலாம். ஆழமாக இருந்தாலோ, மறுநாள் சிவந்து வீங்கினாலோ கிளினிக்குக்குச் செல்லுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாளைக்குக் குறிப்பு எடுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, எந்த இடத்தில், யாரை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற நான்கும் போதும். "எப்போதும் கடிக்கிறது" என்று சொல்லி வந்தவர்கள் எழுதிப் பார்த்தால், காலையில் கூண்டைக் கழுவும்போது மட்டும் என்றோ, மதியம் இரண்டு மணிக்குமேல் மட்டும் என்றோ தெரிந்துவிடும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்று நாள் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, தலை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது, பின்னங்கால் இழுபடுகிறது, பின்புறத்தில் புழு தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

கூண்டுக்குள் கை விட்டால் பாய்கிறது

என்னிடம் வருபவற்றில் இதுதான் அதிகம். காதைப் பின்னால் மடக்கி, வாலை உயர்த்தி, 'உர்' என்று ஓர் உறுமல் விட்டு, முன்னங்கால்களால் குத்துச்சண்டை போடுவதுபோல் பாயும்.

முதலில் ஒரு சோதனை. கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முயல் தானாக வெளியே வரும்வரை தரையில் உட்கார்ந்திருங்கள். வெளியே வந்த முயல் சாதுவாக உங்களை மோந்து பார்க்கிறதா? அப்படியானால் அதற்கு உங்கள்மேல் கோபம் இல்லை, தன் வீட்டைக் காக்கிறது. கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். வெளியிலும் பாய்கிறது என்றால் அடுத்த தலைப்புகளைப் பாருங்கள்.

கை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் உள்ள சிறு இடம் அதன் பார்வைக்குள் வராது. நாயிடம் நீட்டுவதுபோல் விரலை மூக்கின் முன் நீட்டினால், திடீரென்று ஏதோ முளைத்ததாகவே அது உணரும். கையைப் பக்கவாட்டில் காட்டி, பேசிக்கொண்டே, மேலிருந்து மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோங்கள். இரண்டு காதுகளுக்கு நடுவே தடவுங்கள். இதை மட்டும் மாற்றியதில் கடிப்பதை விட்ட முயல்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தீவனக் கிண்ணம். பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனத்தை) அளவில்லாமல் தின்று பழகிய முயல் கிண்ணத்தைக் காவல் காக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் போதும். இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம். அதையும் கிண்ணத்தில் போடாமல் காய்ந்த புல்லின்மேல் தூவிவிடுங்கள். தேடித் தின்னும்போது காவல் காக்கத் தோன்றாது. உணவில் பெரும்பகுதி எப்போதும் புல்லாக இருக்க வேண்டும். இங்கே பலர் கங்கோங் கீரையும் கேரட்டுமே உணவு என்று நினைக்கிறார்கள். கீரை சிறிது கொடுக்கலாம். கேரட் ஒரு சிறு துண்டுக்குமேல் வேண்டாம், அதில் இனிப்பு அதிகம்.

பச்சைப் புல் அறுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் கருகிக் கிடந்தால் அங்கே மருந்தடித்திருக்கிறார்கள் என்று பொருள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இன்று காலை அடித்த மருந்து மாலையில் கண்ணுக்குத் தெரியாது, புல் பச்சையாகவே நிற்கும். தோட்டத்து ஓரத்திலும் சாலை ஓரத்திலும் அறுக்காதீர்கள். வீட்டுக் கொல்லையில் நேப்பியர் புல்லை நாலு கரணை நட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை.

கூண்டைக் கழுவும் முறையும் காரணமாகலாம். முயல் உள்ளே இருக்கும்போது தட்டை இழுப்பது, மூலையைத் தேய்ப்பது எல்லாம் அதன் கண்ணுக்கு வீட்டைக் கொள்ளையடிப்பது. அதை வெளியே விட்டபின் கழுவுங்கள். கழுவி முடித்ததும் பழைய புல்லில் ஒரு பிடியை, சிறுநீர் வாடையோடு, அதன் மூலையிலேயே திரும்ப வையுங்கள். வாடை முழுவதும் போய்விட்ட கூண்டில் அது மறுபடி எல்லை போட ஆரம்பிக்கும்.

இவை எதற்கும் மாறவில்லை என்றால் கூண்டு சிறியது. கடைகளில் விற்கும் இரண்டடிக் கம்பிக் கூண்டு, முயல் படுத்துத் தூங்க மட்டும்தான் ஆகும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் கொண்ட இடம் எப்போதும் இருந்தால் நல்லது. இடமில்லாதவர்கள் நாய்க்கு விற்கும் மடக்குத் தடுப்பை வாங்கிச் சமையலறை ஓரத்தில் நிறுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் காலையும் அந்தியும் சில மணி நேரம் கட்டாயம் வெளியே விடுங்கள். முயல் சுறுசுறுப்பாக இருப்பது அந்த இரண்டு வேளைகளில்தான். அப்போது அடைத்து வைத்துவிட்டு, அது தூங்க விரும்பும் நண்பகலில் விளையாடக் கூப்பிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பழக்கும் நாட்களில் நீளக்கை சட்டையும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அது பாயும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் பாய்ச்சல் பலித்துவிட்டது என்று கற்றுக்கொள்ளும். கையை அசையாமல் வைத்து, பிறகு தலையின்மேல் மெதுவாக வைத்துத் தடவுங்கள். மூக்கில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எதுவும் வேண்டாம். முயல் தண்டனையைப் புரிந்துகொள்ளும் பிராணி அல்ல. பிறரால் வேட்டையாடப்படும் இனம் அது. அடித்தால் உங்களையும் பாம்போடு சேர்த்து எண்ணிக்கொள்ளும். அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்காகும்.

நான்கைந்து மாதம் ஆனதும் குணம் மாறிவிட்டது

இரவுச் சந்தையில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பஞ்சுருண்டைக் குட்டி, சில மாதங்களில் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, காலில் ஏறுகிறது, சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சுகிறது, தடுத்தால் கடிக்கிறது. இது பருவ வயது. சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஆறு மாதத்துக்கு மேலாகலாம்.

முதல் வேலை, ஆணா பெண்ணா என்று உறுதி செய்வது. விற்றவர் சொன்னதை நம்பவேண்டாம். குட்டியில் தவறுவது எளிது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஆணுக்கு விதைப்பைகள் இரண்டு பக்கமும் முடியில்லாத நீண்ட தோலாகத் தெரியும். உங்களுக்குத் தெளிவில்லை என்றால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பெண் முயலா? அடுத்து இதைப் பாருங்கள். மார்பிலும் வயிற்றிலும் உள்ள முடியைப் பிடுங்குகிறதா, வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுகிறதா? ஆண் முயலோடு இருந்திருந்தால் அது சினையாக இருக்கலாம். ஆணோடு சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 31 நாளில் குட்டி போடும். ஆணே அருகில் வரவில்லை என்றால் பொய்ச்சினை. இது சுமார் 16 முதல் 18 நாளில் தானாக அடங்கும். அந்த நாட்களில் அதன் கூட்டைக் கலைக்காதீர்கள். கலைத்தால் மறுபடி முடியைப் பிடுங்கிக் கட்டும், தோல் புண்ணாகும். உணவு, தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளி இருங்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பருவக் கோபத்துக்கு நிலையான தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சை. ஆணுக்கு நான்கு மாதத்திலிருந்தும், பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்திலிருந்தும் செய்வார்கள். செலவைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். பெண் முயலின் விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிகப் பரவலாக வருகிறது. என் முதல் முயல் அதில்தான் இறந்தது. அறுவை செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

தூக்கினால் மட்டும் கடிக்கிறது, உதைக்கிறது

தரையில் இருக்கும்போது சாது, தூக்கினால் எதிரி என்றால் அது இயல்பான பயம். காட்டில் முயலைத் தரையிலிருந்து தூக்குவது கழுகுதான்.

இதற்கு எளிய வழி, தூக்குவதை நிறுத்துவது. நீங்கள் தரையில் அமருங்கள். நாளும் இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல், புத்தகம் படித்துக்கொண்டோ அவரைக்காய் உரித்துக்கொண்டோ இருங்கள். அது வந்து உங்கள் முழங்காலில் ஏறும் நாள் வரும். எங்கள் வீட்டு வெள்ளை முயலுக்கு ஐந்து வாரம் ஆனது.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கை மார்புக்குக் கீழ், மறுகை பின்புறத்துக்குக் கீழ். உடனே உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் தொங்கக் கூடாது. முயலின் எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ மிக வலுவானது. அந்தரத்தில் பலமாக உதைத்தால் அதன் முதுகெலும்பு அந்த உதையாலேயே முறிந்துவிடலாம். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். மல்லாக்கப் போட்டு அது அசையாமல் கிடப்பதைக் காட்டி, தூங்குகிறது என்று சிரிப்பவர்களும் உண்டு. அது தூக்கம் அல்ல, வேட்டை மிருகத்தின் வாயில் சிக்கியது போன்ற உச்சபட்ச பயம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். தரையில் அமர்ந்து தடவட்டும்.

முன்பெல்லாம் தூக்கவிட்ட முயல் இப்போது மறுக்கிறது என்றால் இது வேறு. அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள்.

இத்தனை நாள் சாதுவாக இருந்தது, திடீரென்று கடிக்கிறது

இந்தத் தலைப்பைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பருவ வயதைக் கடந்த முயல் திடீரென்று மாறினால், வேறொன்று நிரூபணமாகும்வரை அதற்கு வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முயல் வலியைக் காட்டாது. முனகாது, நொண்டுவதைக்கூட மறைக்கும். பலவீனத்தைக் காட்டிய முயலைத்தான் வேட்டை மிருகம் முதலில் பிடிக்கும் என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. அதனால் வலிக்கு அது தரும் ஒரே அடையாளம் சில வேளை கடிதான்.

தலையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஒருவர் பிடிக்க மற்றவர் பார்ப்பது நல்லது. கடிக்கும் முயலைப் பெரிய துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரிய வைத்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

வாய். மேலுதட்டை விலக்கினால் முன்பற்கள் தெரியும். மேற்பல் கீழ்ப்பல்லின் முன்பக்கம் லேசாக மூடி நிற்க வேண்டும். கோணலாகவோ சுருண்டோ வளர்ந்திருந்தால் அதுவே காரணம். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். நகவெட்டியால் நீங்களே வெட்டாதீர்கள், பல் வேர்வரை பிளந்துவிடும். முன்பல் நேராக இருந்தாலும் கடைவாய்ப்பல் கூர்முனை விட்டு நாக்கையோ கன்னத்தையோ கிழித்துக்கொண்டிருக்கலாம். அதை வீட்டில் பார்க்க முடியாது. ஆனால் அடையாளம் உண்டு. தாடை எச்சிலால் நனைந்திருக்கும், புல்லை ஒதுக்கிவிட்டு மெல்லியதை மட்டும் தின்னும், வாயிலிருந்து உணவு விழும்.

பெட்டியில் வந்த சாம்பல் முயலுக்கு இதுதான். கன்னத்தைத் தொட்டதும் கடித்தது. தாடைக்குக் கீழே முடி ஈரமாகத் திரிதிரியாக ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் ஒரு மாதமாகக் காய்ந்த புல் வாங்கவில்லை, பெல்லட்டும் ரொட்டியும்தான். மறுநாள் ஈப்போ நகருக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்துப் பார்த்த மருத்துவர், இரண்டு கடைவாய்ப் பற்களின் முனை நாக்கில் புண் போட்டிருந்ததைக் காட்டினார். முனையைத் தேய்த்துவிட்டு வலி மருந்து கொடுத்தார். நான்காவது நாள் அந்தச் சிறுமி அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இப்போது வாரந்தவறாமல் புல் வாங்குகிறார்.

காது. உள்ளே பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு இருந்தால் காதுப் பூச்சி. அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், உயிர் போகும் வலி. மருத்துவர் ஊசியோ சொட்டு மருந்தோ கொடுத்தால் பொருக்கு தானே உதிரும். நாய்க்கும் பூனைக்கும் முதுகில் விடும் உண்ணி மருந்தை முயலுக்கு விடவே கூடாது. அவற்றில் ஃபிப்ரோனில் கலந்தவை முயலைக் கொன்றுவிடும்.

பாதம். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை இல்லை, முடி மட்டும்தான். கம்பித் தரையில் நின்றே வாழும் முயலின் குதிகாலில் முடி உதிர்ந்து, சிவந்து, புண்ணாகும். முடி மட்டும் உதிர்ந்திருந்தால் கம்பியின்மேல் பலகையும் தடித்த பாயும் போட்டு ஈரமில்லாமல் வைத்துக்கொண்டாலே குணமாகும். தோல் பிளந்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ மருத்துவர்.

பின்புறம். மழைக்காலத்தில் இதை நாளும் பாருங்கள். ஈரமும் சாணமும் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும். நம் வெப்பத்தில் ஒரே நாளில் புழு தோலுக்குள் இறங்கிவிடும். அது அவசர நிலை.

வயிறு. கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று உரக்கக் கடித்தால் கடும் வலி. தடவும்போது மெல்லிய அதிர்வாகப் பல்லை அரைப்பது சுகத்தில், இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து வருகிறதா என்று பாருங்கள். குடல் நின்றுபோகும் நோய் முயலை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

எதுவும் கண்ணில் படவில்லையா? அப்படியும் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூட்டு வலி, சிறுநீர்க் கல், கருப்பைக் கட்டி ஆகியவை அங்கேதான் தெரியவரும்.

மதியத்தில் மட்டும், அல்லது இரவில் மட்டும்

மதியம் என்றால் வெப்பம். முயலுக்கு வியர்க்காது. 28 பாகை செல்சியசைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நம் ஊர் மதியம் பெரும்பாலும் அதைவிடச் சூடு. தகரக் கூரையின் கீழ்க் கூண்டு இருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள். புட்டியில் தண்ணீரை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அது வந்து சாய்ந்துகொள்ளும். காதைக் குளிர்ந்த நீரால் நனைக்கலாம், பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி எச்சில் வடித்தால் காதை நனைத்தபடியே காரில் ஏற்றுங்கள்.

இரவு என்றால் பயம். காலால் தரையில் ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டதா என்று வீட்டாரை விசாரியுங்கள். கொல்லைக்கு முசாங் வந்திருக்கலாம், மலைப்பாம்பு வந்திருக்கலாம். மறுநாள் காலையில் மண்ணில் தடம் பாருங்கள். முயலை வீட்டுக்குள் கொண்டுவருவதே சரியான தீர்வு. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடி வெடிக்கும் இரவுகளில் உள்ளறையில், மேலே போர்வை போட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியோடு வையுங்கள். அதற்குப் பிறகு ஓரிரு நாள் கடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவரை மட்டும் கடிக்கிறது

வாடையைத் தேடுங்கள். அந்த ஒருவர் வேறு முயலையோ பூனையையோ நாயையோ தொட்டுவிட்டு வருகிறாரா? தோட்டத்தில் மருந்தடித்த உடுப்போடு நேரே முயலிடம் போகிறாரா? அந்த உடுப்போடு எந்தப் பிராணியையும் தொடக் கூடாது, குழந்தையையும் தூக்கக் கூடாது. குளித்து உடை மாற்றியபின் மூன்று நாள் பாருங்கள். மாற்றமில்லை என்றால், யாரும் பார்க்காதபோது அவர் முயலைத் துரத்துகிறாரா என்று அன்பாகக் கேளுங்கள். சிறு பிள்ளைகள் என்றால் திட்டாமல் கேளுங்கள், உண்மை வரும்.

காற்சட்டையைப் பிடித்து லேசாகக் கடித்து இழுப்பது கோபம் அல்ல, 'வழியை விடு' என்பது. அதற்கு உரத்த கிறீச்சுக் குரல் ஒன்று கொடுத்தால் போதும். வலிக்கிறது என்று முயலுக்குப் புரியும் மொழி அது.

இரண்டு முயல்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன

கையை நடுவில் விடாதீர்கள். விளக்குமாறு, குப்பைவாரி, தடித்த துண்டு எது கிடைக்கிறதோ அதை இடையில் நுழைத்துவிடுங்கள். பிரித்தபின் முடியை விலக்கிக் காயம் தேடுங்கள். கண்ணிமை, காது, ஆணுக்கு விதைப்பை ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள். அறுவை செய்யாத இரண்டு ஆண் முயல்கள் ஒன்றின் விதைப்பையை மற்றொன்று கிழித்துவிடும் அளவுக்குப் போகும். உடன்பிறந்தவை, இத்தனை நாள் ஒன்றாகத்தானே இருந்தன என்ற சமாதானம் பருவ வயதில் செல்லாது.

இரண்டுக்கும் கருத்தடை செய்து, காயம் ஆறி, ஆறு வாரம் கழிந்தபின் மீண்டும் சேர்க்கலாம். அதுவரை ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் பல் எட்டாதபடி, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கூண்டுகள். படுக்கைப் புல்லை மாற்றி மாற்றிப் போட்டு வாடைக்குப் பழக்குங்கள். பிறகு இரண்டும் இதுவரை காலே வைக்காத ஓர் இடத்தில், பத்து நிமிடம் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். ஆணும் பெண்ணும் என்றால் எளிதில் சேரும்.

மருத்துவரிடம் போகும்போது

எங்களைப் போன்ற சிற்றூரில் நாய், பூனை பார்க்கும் மருத்துவர் கிடைப்பார், முயலைப் பார்க்கத் தெரிந்தவர் அரிது. தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். முயலுக்கு மாதம் எத்தனை அறுவை செய்கிறீர்கள்? அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டுமா? வலி மருந்து கொடுத்து அனுப்புவீர்களா? முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதற்குப் பட்டினி தேவையில்லை, குடல் நின்றுவிடும் ஆபத்துதான் உண்டு. இரண்டாவது கேள்விக்கு "முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் தரவேண்டாம்" என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். ஈப்போ வரை போகவேண்டியிருந்தாலும் போங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்குத் தரும் அமோக்சிசிலின் வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

பெட்டிக்குள் துண்டு விரித்து, ஒரு பிடி புல்லும் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். அன்றைய புழுக்கையில் கொஞ்சம் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் எழுதிய நோட்டையும் மறக்கவேண்டாம். மருத்துவரின் மேசையில் முயல் பயத்தில் கல்லாகிவிடும், அங்கே எதுவும் தெரியாது. அதன் குணம் எப்போது, எப்படி மாறியது என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.

அறுவை முடிந்து வந்ததும் குணம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடம்பில் உள்ள இயக்குநீர் (ஹார்மோன்) அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை கையுறை அணிந்தே கூண்டைத் திறங்கள். ஆண் முயலாக இருந்தால் அந்த ஆறு வாரமும் பெண் முயலின் பக்கம் விடாதீர்கள், அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்கு அதனால் குட்டி உண்டாக்க முடியும்.